ஹாட் ஸ்பேஸ்: பழி சிந்தசைசர் மேல், தப்பு வேறிடத்தில்

கேள்வி இதுதான். 1982-இல் வந்த ‘ஹாட் ஸ்பேஸ்’ ஆல்பத்தை, அதை வெளியிட்ட பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் ரசிகர்களே ஒதுக்கிவைக்கிறார்கள். சிந்தசைசரும் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கீபோர்ட்) டிரம் மெஷினும் (டிரம்ஸ் தாளம் போடும் மின்னணுப் பெட்டி) சேர்ந்து ஒரு நல்ல ராக் குழுவைக் கெடுத்துவிட்டன என்பது பொதுப்பேச்சு. அது சரிதானா? இன்று புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்க வேண்டும்?

பேச்சில் பாதி சரி. ஆல்பத்தில் குறை உண்டு, காதில் உடனே தட்டுப்படுகிற குறைதான். ஆனால் அதற்காகச் சிந்தசைசரைக் கூண்டில் ஏற்றுவது சோம்பேறித்தனம். புதுக் கருவி ஒன்று அறைக்குள் வந்தால், ஏற்கெனவே உட்கார்ந்திருந்த யாராவது எழுந்து இடம் விட வேண்டும். இந்த ஆல்பத்தில் யார் எழுந்தார்கள், எந்தப் பாட்டில் எழுந்தார்கள் என்று பார்த்தால் கணக்கு தெளிவாகிவிடும்.

முதலில் அந்தப் பழைய சபதம். 1973-இல் வந்த முதல் ஆல்பத்தின் உறையிலேயே, இதில் யாரும் சிந்தசைசர் வாசிக்கவில்லை என்று குயின் அச்சிட்டார்கள். 1975-இல் ‘எ நைட் அட் தி ஓபரா’ உறையிலும் அதே அறிவிப்பு. ரசிகர்கள் இதை ஒரு கொள்கை முழக்கமாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது வெறும் விளக்கக் குறிப்பு. குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டில் செய்த ‘ரெட் ஸ்பெஷல்’ கிட்டாரை ட்ராக் மேல் ட்ராக்காகப் பதிந்து ஓர் ஆர்கெஸ்ட்ரா மாதிரி ஒலிக்க வைப்பார். கேட்டவர்கள் அது ஏதோ கீபோர்ட் வித்தை என்று நினைத்தார்கள். இல்லை, எல்லாம் கை வேலை என்று சொல்லத்தான் அந்த வரி. 1980-இல் ‘தி கேம்’ ஆல்பத்தில் ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ் என்ற சிந்தசைசர் நுழைந்தபோது யாரும் கொடி பிடிக்கவில்லை. அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் போனது.

நடன இசையும் அந்த ஆல்பத்திலேயே வந்துவிட்டது. பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் டீக்கன் எழுதிய ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் சிந்தசைசர் துளியும் கிடையாது. டிரம்மர் ரோஜர் டெய்லரின் டிரம்ஸ் ஒரு லூப்பாக, அதாவது ஒரே துண்டு திரும்பத் திரும்ப, ஓடுகிறது. பின்னால் வரும் விசித்திர ஒலிகள் பியானோ, சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு), கிட்டார் ஆகியவற்றின் பதிவை டேப்பில் தலைகீழாகவும் வேகம் மாற்றியும் ஓட்டிக் கிடைத்தவை. மேயின் கிட்டார், சுருதியை மாற்றும் ஹார்மனைசர் பெட்டி வழியாகப் போகிறது. நடனத் தாளம்தான், ஆனால் ஒவ்வொரு சத்தமும் ஒருவர் கையில் பிறந்தது. இந்தப் பாட்டை மனதில் வைத்துக்கொண்டு ‘ஹாட் ஸ்பேஸ்’ கேளுங்கள். எது மாறியது என்று புரியும்.

1981 நடுவிலிருந்து 1982 வசந்தம் வரை, சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோவில் இருந்த மவுண்டன் ஸ்டுடியோவிலும் ம்யூனிக்கின் மியூசிக்லேண்டிலும் பதிவு நடந்தது. தயாரிப்பில் குழுவோடு ரைன்ஹோல்ட் மேக். கருவிகள் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்ஏ சிந்தசைசர்: தடித்த, கொஞ்சம் கரகரப்பான அனலாக் ஒலி. ரோலண்ட் ஜூபிடர்-8 சிந்தசைசர்: அதைவிட மெருகானது. மூன்றாவது லின் எல்எம்-1, 1980-இல் ரோஜர் லின் கொண்டுவந்த டிரம் மெஷின். உண்மையான டிரம்ஸின் ஒலியையே சில்லில் பதிந்து வைத்து வாசித்த முதல் மெஷின் அதுதான். விலை ஏறக்குறைய 5,000 டாலர். ஒவ்வொரு ஒலிக்கும் தனித் திருகு உண்டு, சுருதியை ஏற்றி இறக்கலாம்.

எல்எம்-1 இல் இரண்டு விஷயங்கள் இந்த ஆல்பத்துக்கு முக்கியம். அதில் ஹை-ஹாட் (மிதித்தால் மூடும் இரட்டைத் தட்டு) உண்டு, வெடித்து ஒலிக்கும் பெரிய சிம்பல் கிடையாது. பெரிய சிம்பல் நீண்ட நேரம் ஒலித்து அடங்கும். அதைப் பதிந்து வைக்க வேண்டிய நினைவகச் சில்லு அன்று எட்டாத விலை. இரண்டாவது, அடியின் அழுத்தத்தில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. ரோஜர் டெய்லரின் பாணி என்ன? ஹை-ஹாட்டைப் பாதி திறந்து ஸ்னேர் டிரம்மோடு சேர்த்து அடிப்பது, வரி மாறும்போது சிம்பலை வெடிக்க விடுவது. அவருடைய அடையாளம் என்று சொல்லத்தக்க இரண்டையுமே அந்தப் பெட்டி அப்படியே தர முடியாது! நாற்காலியிலிருந்து முதலில் எழுந்தவர் டெய்லர்.

இதை ஒரு பாட்டை வைத்தே பார்த்துவிடலாம். ஆல்பத்தைத் திறக்கும் ‘ஸ்டேயிங் பவர்’, பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி எழுதியது. ஸ்டுடியோ வடிவத்தில் தாளம் டிரம் மெஷின், பேஸ் சிந்தசைசர். மேலே பிராஸ் வரிகள், அதாவது ட்ரம்பெட் போன்ற பித்தளை ஊது வாத்தியங்கள். அவற்றை அமைத்தவர் அரிஃப் மார்டின், அரீத்தா ஃபிராங்க்ளினோடும் பீ ஜீஸோடும் வேலை செய்த துருக்கிக்காரர். வரிகள் ஊசி மாதிரிக் கூர்மை. சிக்கல் நடுவில். கீழே பேஸும் கிக் டிரம்மும் இருக்கின்றன, மேலே பிராஸும் குரலும் இருக்கின்றன, இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி காலி. குயின் பாட்டில் அந்த நடுப்பகுதிதான் மேயின் கிட்டார் குடியிருக்கும் வீடு. அங்கே ஆளில்லாததால் பாட்டு மெலிந்து தெரிகிறது. மேலே ஒலிக்கும் பிராஸ் நிஜ மனிதர்கள் ஊதியது என்பதால், கீழே மெஷினின் விறைப்பு இன்னும் துருத்துகிறது.

இப்போது அதே பாட்டை 1982 ஜூன் 5 அன்று இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் பவுலில் வாசித்ததைக் கேளுங்கள். ‘குயின் ஆன் ஃபயர்’ என்ற பெயரில் 2004-இல் வெளியானது. வேகம் கூடிவிட்டது. டெய்லர் நிஜ டிரம்ஸ் வாசிக்கிறார். டீக்கன் பேஸை வைத்துவிட்டு ரிதம் கிட்டார் எடுத்துக்கொள்கிறார், மே இன்னொரு கிட்டார். பேஸ் வரியை வாசிப்பது யார்? கீபோர்டில் மோர்கன் ஃபிஷர். அதாவது சிந்தசைசர் பேஸ் அங்கேயேதான் இருக்கிறது, அதை யாரும் தூக்கவில்லை. பிராஸ்தான் போய்விட்டது. பாட்டு எரிகிறது! சிந்தசைசர்தான் குற்றவாளி என்ற வழக்கு இந்த நாலு நிமிடத்தில் தள்ளுபடியாகிவிடுகிறது. முக்கியமாக மாறியது இரண்டுதான்: தாளம் ஒரு மனிதனிடம் வந்தது, நடுப்பகுதியில் கிட்டார்கள் குடியேறின.

டெய்லரின் ‘ஆக்‌ஷன் திஸ் டே’ கதையும் இதுவே. தலைப்பு, சர்ச்சில் தன் போர்க்கால ஆணைகளில் ஒட்டிய வாசகம். ஸ்டுடியோவில் மெஷின் இரண்டு மாத்திரைக்கு ஒருமுறை உலக்கை போடுவது மாதிரி இடித்துக்கொண்டே இருக்கும். நடுவில் இத்தாலிக்காரர் டீனோ சொலேராவின் சாக்ஸஃபோன் வந்துதான் மூச்சு விட முடிகிறது. மேடையில் மெஷினையும் சிந்தசைசர் பேஸையும் எடுத்துவிட்டு நிஜ டிரம்ஸ், நிஜ பேஸ் வைத்து வாசித்தார்கள். சாக்ஸ் இல்லை, தேவையும் படவில்லை. ஒரு டிரம்மர் தானே எழுதிய பாட்டில் தன்னை நீக்கிக்கொண்டார் என்பதுதான் இந்த ஆல்பத்தின் பெரிய வேடிக்கை.

‘டான்ஸர்’ பாட்டில் நிலைமை வேறு. மே எழுதியது, ஓபி-எக்ஸ்ஏ பேஸை வாசித்ததும் அவரே. சிந்தசைசர் பேஸுக்கு மேல் கனமான கிட்டாரை ஏற்றியிருக்கிறார். இரண்டும் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் பேஸ் நறுக்கென்று விட்டுவிட்டு வருவதால் கிட்டாருக்கு வழி கிடைக்கிறது. மொத்த ஆல்பமும் இந்த வழியில் போயிருந்தால் இன்று இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. முடிவில் தொலைபேசியில் ஒரு ஜெர்மன் குரல் கேட்கும். ஹோட்டலில் விடிகாலையில் எழுப்பிவிடும் அழைப்பு அது. ம்யூனிக் இரவு விடுதிகளில் கழிந்த அந்த மாதங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முத்திரை இல்லை.

டீக்கனின் ‘பேக் சாட்’ பாட்டில் ரிதம் கிட்டாரும் அவருடையதே. மெலிந்த, சுத்தமான ஃபங்க் தாளம். இங்கே கிட்டார் சோலோ, அதாவது கிட்டார் தனித்து வாசிக்கும் பகுதி, வேண்டுமா என்பதில் டீக்கனும் பிரையன் மேயும் நேராகவே வாக்குவாதம் செய்தார்கள். டீக்கனுக்கு அது தேவையில்லை, மே விடவில்லை. கடைசியில் சோலோ உள்ளே வந்தது, பாட்டுக்கு நல்லதும் செய்தது: அந்த இடத்தில் கிட்டார் கோபமாகவே பேசுகிறது, பாட்டும் சண்டையைப் பற்றியதுதான்.

‘பாடி லாங்குவேஜ்’ பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், அதிகம் அடி வாங்கியது அதுதான். ஓபர்ஹைமில் மெர்க்குரியே வாசித்த ஒரு பேஸ் வரி, மெஷின் தாளம், விரல் சொடுக்கு, குரல். கிட்டார் இருக்கிறதா என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘ஸ்டேயிங் பவர்’ பாட்டில் காலியிடம் குறையாக இருந்தது. இங்கே காலியிடமே அமைப்பு. பேஸ் நிற்கும்போது வரும் மௌனத்தில் மெர்க்குரி மூச்சு விடுவதும் முனகுவதும் ஒரு வாத்தியமாகிறது. மற்ற பாட்டுகள் பாதி தூரம் போய்த் தயங்கி நின்றன, இது முழுத் தூரமும் போனது. துணிச்சல் என்ற அளவில் ஆல்பத்தின் உச்சம் இதுவே என்பது என் கணிப்பு. ஆனால் ஆல்பத்துக்கு முன்னோட்டமாக வெளியிட இதைவிடத் தப்பான பாட்டு கிடையாது. கிட்டாருக்காகக் குயினைக் கேட்டவரிடம், கிட்டார் ஏறக்குறைய இல்லாத ஒன்றை முதல் தட்டில் பரிமாறினார்கள். அமெரிக்காவில் 11-ஆம் இடம் வரை போனது, பிரிட்டனில் 25 தாண்டவில்லை. வீடியோவை எம்டிவி ஒளிபரப்ப மறுத்தது.

அடுத்த தப்பு வரிசையில். முதல் பக்கம் ஐந்து பாட்டு, இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்தும் நடனத் தாளம். முழுக்க ராக் என்று சொல்லத்தக்க முதல் பாட்டு, துப்பாக்கிக்கு எதிராக மே எழுதிய ‘புட் அவுட் தி ஃபயர்’, தட்டைத் திருப்பிப் போட்ட பிறகே வருகிறது. 1982-இல் ஊசியை வைத்த பழைய ரசிகர் பலர் அதுவரை பொறுத்திருக்க மாட்டார்கள். இரண்டாம் பக்கமோ ஏறக்குறைய வேறொரு ஆல்பம். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1980 டிசம்பரில் கொல்லப்பட்டதற்கு மெர்க்குரி எழுதிய ‘லைஃப் இஸ் ரியல்’ பியானோவில் அமைந்த மெல்லிய இரங்கல். டெய்லரின் ‘காலிங் ஆல் கேர்ல்ஸ்’ சுமார் ரகம். நடுவில் வரும் கிட்டார் இரைச்சல் மட்டும் நினைவில் நிற்கும். ‘லாஸ் பாலப்ராஸ் டி அமோர்’, 1981-இல் குயின் தென் அமெரிக்காவில் வாசித்துத் திரும்பிய நினைவில் மே ஸ்பானிய வரிகள் கலந்து எழுதியது. சிங்கிளாக வந்தது 1982 ஜூனில், ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டன் அர்ஜென்டினாவோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது. அந்த நேரத்தில் ஸ்பானிய மொழிக் காதல் சொல்லைப் பாடினார்கள் என்பதற்காகவாவது இதற்கு ஒரு சலுகை தரலாம். ஆனால் சலுகை தேவைப்படாத அளவுக்கு மெட்டே நன்றாக இருக்கிறது. தொடக்கத்தில் முத்து முத்தாக உதிர்வது சிந்தசைசர்தான். இங்கே மட்டும் அதை யாரும் திட்டுவதில்லை!

‘கூல் கேட்’ இந்த ஆல்பத்தின் ஒளிந்திருக்கும் வைரம். டீக்கனும் மெர்க்குரியும் சேர்ந்து எழுதியது. டீக்கனின் கட்டைவிரல் பேஸ் கம்பியைத் தட்டுவது தெளிவாகக் கேட்கும். மேலே மெர்க்குரி முழுப் பாட்டையும் பொய்க்குரலில் பாடுகிறார். ஆங்கிலப் பாடகர் டேவிட் போவியும் இதில் குரல் கொடுத்திருந்தார். திருப்தி இல்லாமல், வெளியீட்டுக்குச் சற்று முன்பு தன் குரலை நீக்கச் சொல்லிவிட்டார். அந்த வடிவம் ரசிகர்களிடையே சுற்றுகிறது. கேட்டால் போவி சொன்னது சரி என்றுதான் தோன்றும்.

கடைசிப் பாட்டு ‘அண்டர் பிரஷர்’. மோந்த்ரோவில் போவி ஸ்டுடியோவுக்கு வந்துபோனதில் பிறந்து, 1981 அக்டோபரில் சிங்கிளாக வந்து, பிரிட்டனில் முதலிடம் போனது. பேஸ் வரியை எண்ணிப் பாருங்கள்: ஆறு முறை ‘டி’, பிறகு ஒரு ‘ஏ’. ஏழே அடி. ஆறும் ஒரே ஸ்வரம்தான், ஆனாலும் விரலால் வாசித்ததால் ஒவ்வொன்றின் நீளத்திலும் நுண்ணிய வித்தியாசம் உண்டு. இதையே எல்எம்-1 தாளத்துக்கு மேல் சிந்தசைசரில் வாசித்தால் அலாரம் அடிப்பது போல இருக்கும். ஆல்பத்தில் காலத்தைத் தாங்கி நின்ற பாட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தால், பெரும்பாலும் டீக்கனின் விரலோ டெய்லரின் கையோ உள்ள பாட்டுகளாகவே இருக்கும். ‘பாடி லாங்குவேஜ்’ மட்டும் விலக்கு.

ஆல்பம் பிரிட்டனில் 4, அமெரிக்காவில் 22. அமெரிக்காவில் குயின் சரிந்ததற்கு 1984-இன் ‘ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ’ வீடியோவில் நால்வரும் பெண் வேடம் போட்டதைக் காரணம் சொல்வது வழக்கம். சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளை வெடி வைத்துத் தகர்த்த கூட்டம் நினைவிருக்கும். டிஸ்கோ என்றாலே முகம் சுளிக்கிற அந்த மனநிலைக்குள் கறுப்பின, தன்பாலின மக்களின் இசை மீதான வெறுப்பும் இருந்தது. ராக் வானொலிகள் அந்தக் காற்றிலேயே இயங்கின. ‘அனதர் ஒன்’ ஒற்றைப் பாட்டு என்பதால் தப்பித்தது. பக்கம் முழுக்க அதே என்றதும் கதவு சாத்தப்பட்டது. 1982 செப்டம்பர் 25-இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் வாசித்ததுதான் மெர்க்குரியோடு குயின் அமெரிக்காவில் வாசித்த கடைசி முறை. மில்டன் கீன்ஸ் மேடையில் புதுப் பாட்டுகளுக்கு முன்னால் மெர்க்குரி, ராக் அன்ட் ரோல் உணர்வை நாங்கள் தொலைத்துவிடவில்லை, இது ஒரு இசைத்தட்டுதானே என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்கிறார்.

சிந்தசைசர் ரசிகர்களை விரட்டியது என்போர் அடுத்த ஆல்பத்தைப் பார்க்க வேண்டும். 1984-இன் ‘தி வொர்க்ஸ்’. ‘ரேடியோ கா கா’ முழுக்க சிந்தசைசரில் நிற்கும் பாட்டு, பிரிட்டனில் இரண்டாம் இடம். ‘ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ’ பாட்டில் எல்லோரும் மேயின் கிட்டார் என்று நினைக்கும் சோலோ, கீபோர்ட் கலைஞர் ஃப்ரெட் மேண்டல் ஜூபிடர்-8 இல் வாசித்தது. யாரும் புகார் சொல்லவில்லை.

இனி கேட்கும் முறை. வாங்குவதானால் 2011-இன் மறுபதிப்பு, இரண்டு தட்டுகள் கொண்டது. பாப் லட்விக் மறுமெருகேற்றியது. இரண்டாவது தட்டில் மில்டன் கீன்ஸ் ‘ஸ்டேயிங் பவர்’, ஜப்பானில் 1982 நவம்பரில் பதிந்த ‘ஆக்‌ஷன் திஸ் டே’, ‘காலிங் ஆல் கேர்ல்ஸ்’, ‘பேக் சாட்’ சிங்கிள் ரீமிக்ஸ், ‘அண்டர் பிரஷர்’ சிங்கிளின் மறுபக்கத்தில் வந்த ‘சோல் பிரதர்’ எல்லாம் உண்டு. 1991 அமெரிக்கப் பதிப்பில் கூடுதலாக இருப்பது ‘பாடி லாங்குவேஜ்’ பாட்டின் புது ரீமிக்ஸ். அதைத் தாண்டிப் போகலாம்.

கேட்கும்போது பேஸ் பூஸ்ட் எதையும் போடாதீர்கள். சிந்தசைசர் பேஸும் எல்எம்-1 கிக்கும் ஏறக்குறைய ஒரே தாழ் அலைவரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே ஏற்றினால் இரண்டும் கூழாகிவிடும், ஏற்கெனவே மெலிந்த நடுப்பகுதி இன்னும் மறைந்துபோகும். ஈக்வலைசர் இருந்தால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓரிரு டெசிபல் குறைத்து, 1,000 முதல் 2,000 வரை அதே அளவு கூட்டிப் பாருங்கள். ‘டான்ஸர்’ கிட்டார் முன்னால் வரும், ‘பேக் சாட்’ ரிதம் கிட்டாரின் வெட்டு காதில் விழும். போன் ஸ்பீக்கரில் கேட்பது வீண். பேஸ் வரி போய்விட்டால் ‘பாடி லாங்குவேஜ்’ பாட்டில் மிச்சம் இருப்பது சொடுக்கு மட்டுமே.

வரிசையையும் மாற்றிவிடுங்கள். முதல் பக்கத்துக்கு: மில்டன் கீன்ஸ் ‘ஸ்டேயிங் பவர்’, ‘புட் அவுட் தி ஃபயர்’, ‘பேக் சாட்’, ‘லைஃப் இஸ் ரியல்’, ‘டான்ஸர்’. இரண்டாவதுக்கு: ஜப்பான் ‘ஆக்‌ஷன் திஸ் டே’, ‘லாஸ் பாலப்ராஸ் டி அமோர்’, ‘பாடி லாங்குவேஜ்’, ‘கூல் கேட்’, ‘அண்டர் பிரஷர்’. ‘காலிங் ஆல் கேர்ல்ஸ்’ பிடித்தவர்கள் ‘பேக் சாட்’ பாட்டுக்குப் பின்னால் செருகிக்கொள்ளலாம். ‘பாடி லாங்குவேஜ்’ பாட்டை ஸ்பானியக் காதல் பாட்டுக்குப் பிறகு வைத்தது வேண்டுமென்றேதான். அவ்வளவு நிறைந்த கோரஸ் ஓய்ந்ததும் அந்த ஒற்றை பேஸ் வரி தொடங்கினால், அதன் வெறுமை காதில் சரியாக உறைக்கும்.